தொடாத கோடும் தொடும் கோடும்: ஒரு கணிதச் சொல்லின் வரலாறு

ஒரு கணிதச் சொல் எங்கே பிறந்தது, எவ்வாறு பொருள் பெயர்ந்தது, அப்பெயர்ச்சியை அறியாமையால் இன்றைய வகுப்பறையில் என்ன நேர்கிறது என்பவற்றை இவ்வுரையில் எடுத்துரைக்க விழைகிறோம். யாம் கணிதப் புலத்தைச் சார்ந்தோர் அல்லோம். வாழ்நாள் முழுதும் சொற்களோடு பழகியவர். ஆயினும் ஒரு சொல்லில் யாமே செய்த பிழை எம்மைக் கணித வரலாற்றின் வாயிலில் கொண்டுபோய் நிறுத்தியது. அப்பிழையையும் மறையாது கூறுவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில், எம் தமக்கையின் பேர்த்தி ஒரு பயிற்சித் தாளோடு எம் வீட்டுக்கு வந்தாள். அப்போது ஆறாம் படிவத்தில் பயின்றுகொண்டிருந்தாள். அவள் விடைத்தாளில் ஒரு வினாவுக்கு நேரே ‘இத்தகைய சார்பு இல்லை’ என்று ஒரே வரி எழுதியிருந்தாள். அதன் அருகில் சிவப்பு மையில் பூச்சியம். அவள் பேச்சிலிருந்து, மதிப்பெண் போனது அவளை வருத்தவில்லை என்றும், தன் காரணம் எங்கே தவறியது என்று தெரியாததே வருத்தியது என்றும் அறிந்தோம். கணிதத்தை விட்டுவிட்டு வேறு பாடம் எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டாள்.

வினாவைத் தமிழில் தருகிறோம். கிடையச்சின் வழியே அளக்கும் தொலைவைக் ‘க’ என்றும் உயரத்தை ‘உ’ என்றும் இவ்வுரை முழுதும் குறிப்போம். ஒரு பல்லுறுப்புக்கோவையை மற்றொன்றால் வகுத்து வருவது விகிதமுறு சார்பு. அத்தகைய சார்பு ஒன்றைக் காண வேண்டும். அதற்கு க = −1, க = 3 ஆகிய இரண்டும் செங்குத்து அணுகுகோடுகள்; கிடையச்சே, அதாவது உ = 0 என்னும் கோடே, கிடை அணுகுகோடு. வளைவரை கிடையச்சை 2 என்னும் இடத்திலும் செங்குத்து அச்சை 4 என்னும் உயரத்திலும் வெட்ட வேண்டும். ‘அணுகுகோடு’ என்று யாம் இங்கே சொல்வது ஆங்கிலத்திலும் மலாயிலும் ஏறத்தாழ ஒரே ஒலிப்பில் வழங்கும் ‘அசிம்டோட்’ என்பதனை. ஏன் இச்சொல்லைக் கொண்டோம் என்பது பின்னர் விளங்கும்.

“அணுகுகோட்டை வளைவரை தொடவே தொடாது என்றுதானே சொல்லிக் கொடுத்தார்கள், தாத்தா? பிறகு அதே கோட்டை 2-இல் வெட்டு என்றால் எப்படி வெட்டும்?”

அவள் குறிப்பேட்டைத் திறந்து காட்டினாள். ‘வளைவரை ஒருபோதும் தொடாத கோடு’ என்னும் பொருளில் ஒரு வரையறை, அடிக்கோடிட்டு எழுதப்பட்டிருந்தது. அவ்வரையறையை ஏற்றுக்கொண்டால் அவள் எழுதிய விடை சரியே. இரண்டு கூற்றுகள் முரண்படுகின்றன என்பதைக் கண்டு, விடை இல்லை என்று முடிவு கட்டியிருக்கிறாள். அதற்கு மேல் ஒரு மாணவியிடம் என்ன எதிர்பார்க்க இயலும்?

எமக்கு அப்போது தோன்றியது பெருமிதம் அன்று, நாணம். ஏனெனில் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கலைச்சொற் பட்டியலைச் சரிபார்க்கும் பணி எம்மிடம் வந்தபோது, இக்கோட்டுக்குத் ‘தொடாக்கோடு’ என்னும் சொல்லைப் பரிந்துரைத்தவர் யாமே. கிரேக்க மூலத்துக்கு அதுவே நெருக்கம் என்று வாதிட்டோம். மூலத்துக்கு நெருக்கம் என்பது உண்மை. அதுதான் பிழையாகவும் ஆயிற்று.

கிரேக்கச் சொல் ‘அசும்ப்டோடோஸ்’. ‘அ’ என்பது இன்மை குறித்த முன்னொட்டு. நடுவில் நிற்பது ‘சேர்ந்து’ என்னும் பொருளது. இறுதிப் பகுதி ‘விழுவது’ என்னும் பொருள் தரும் வினையடியிலிருந்து வந்தது. ஆக, ‘சேர்ந்து விழாதது’, அதாவது ‘ஒன்றோடொன்று கூடாதது’ என்பதே சொற்பொருள். இதில் நெருங்குதல் என்னும் கருத்து எங்குமே இல்லை என்பதை ஆசிரியர்கள் உற்று நோக்க வேண்டும். பழைய கிரேக்கர் இணைகோடுகளையும் இச்சொல்லால் சுட்டியதுண்டு. இணைகோடுகள் கூடுவதில்லை, நெருங்குவதும் இல்லை.

இச்சொல்லை நிலைபெறச் செய்தவர் பெர்கா நகரத்து அப்பொலோனியஸ். அந்நகர் இன்றைய துருக்கியின் தென்பகுதியில் உள்ளது. கி.மு. 200-ஐ ஒட்டிய காலத்தில் வாழ்ந்த அவர், அலெக்சாந்திரியாவோடு தொடர்புடையவர். கூம்பு வெட்டுகளைப் பற்றி எட்டுப் புத்தகங்கள் எழுதினார். அவற்றுள் இரண்டாவதை நண்பர் யூதீமசுக்கு அனுப்பியபோது, தம் மகனிடமே அதனைக் கொடுத்தனுப்பியதாக முன்னுரையில் எழுதுகிறார். மகன் பெயரும் அப்பொலோனியஸ். அச்சும் அஞ்சலும் இல்லாத காலத்தில், கடல் கடந்து ஓர் இளைஞன் சுமந்து சென்ற அந்த இரண்டாம் புத்தகத்தில்தான் நம் சொல் வாழ்கிறது.

மொழியாசிரியர்களுக்கு ஒரு செய்தியை இடையில் கூறாது செல்ல மனமில்லை. அப்பொலோனியஸ் மூன்று கூம்பு வெட்டுகளுக்கும் பரப்பு ஒப்பீட்டின் அடிப்படையில் பெயரிட்டார். ஒரு பரப்பு மற்றொன்றுக்கு ஒத்துவரின் பராபோலா, குறைந்துவரின் எலிப்ஸ், மிஞ்சிவரின் ஹைபர்போலா. இதே மூன்று கிரேக்கச் சொற்களும் அணியிலக்கணத்திலும் இலக்கணத்திலும் வேறு வாழ்வு வாழ்கின்றன. முதலாவது உவமைக் கதையைக் குறிக்கும் சொல்லாயிற்று. இரண்டாவது சொல் தொக்கி நிற்றலையும், மூன்றாவது நாம் உயர்வு நவிற்சி என்பதையும் குறிக்கலாயின. ஹைபர்போலாவைத் தமிழ்ப் பாடநூல்கள் அதிபரவளையம் என்கின்றன. அதன் ‘அதி’யில் அந்த மிஞ்சுதல் இன்னமும் ஒலிக்கிறது.

அப்பொலோனியசின் இரண்டாம் புத்தகத்தில் நம் மாணவியின் வினாவுக்கு மூதாதை ஒன்று உண்டு. நான்காம் கூற்று அது. ஒரு கோணத்தை அடைக்கும் இரு நேர்கோடுகளும் அக்கோணத்தினுள் ஒரு புள்ளியும் தரப்பட்டுள்ளன. அக்கோடுகளைத் தன் அசிம்டோட்டுகளாகக் கொண்டு அப்புள்ளியின் வழியே செல்லும் அதிபரவளையத்தை வரைக. கோடுகளைக் கொடுத்து வளைவரையைக் கேட்பது என்னும் இவ்வினா முறை இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுப் பழமை உடையது. ஒரே புள்ளி எவ்வாறு போதுமானதாகிறது? அதிபரவளையத்தின் எந்தப் புள்ளியிலிருந்தும் இரு கோடுகளுக்கும் இணையாக வரைந்தால் உண்டாகும் இணைகரத்தின் பரப்பு மாறாதது. ஒரு புள்ளி தெரிந்தால் பரப்புத் தெரியும். பரப்புத் தெரிந்தால் முழு வளைவரையும் கையில்.

எண் கொண்டு பார்ப்போம். க = 2, உ = 3 என்பன கோடுகள். வளைவரை செங்குத்து அச்சை 1 என்னும் உயரத்தில் வெட்டட்டும். அப்புள்ளி முதற் கோட்டுக்கு 2 அலகு இடப்புறமும் இரண்டாவதற்கு 2 அலகு கீழும் உள்ளது, பெருக்கற்பலன் 4. எனவே (க − 2)(உ − 3) = 4. மாற்றி எழுதினால் உ = 3 + 4 ÷ (க − 2). முடிந்தது. கிடையச்சை இவ்வளைவரை எங்கே வெட்டும் என்பதை இனி நாம் விரும்பித் தேர்ந்தெடுக்க முடியாது. அது மூன்றில் இரண்டு பங்கு என்னும் இடத்தில் தானாகவே அமைந்துவிட்டது. இதனை நினைவில் வைத்திருங்கள், பின்னர் தேவைப்படும்.

அதே புத்தகத்தின் பதினான்காம் கூற்று, இக்கோடுகளும் வளைவரையும் நீட்ட நீட்ட ஒன்றையொன்று நெருங்குகின்றன, எவ்வளவு சிறிய தொலைவைச் சொன்னாலும் அதனினும் நெருங்கிவிடுகின்றன என்று மெய்ப்பிக்கிறது. இங்கேதான் நுட்பம். அப்பொலோனியசிடம் கூடாமை என்பது பெயர். நெருங்குதல் என்பது மெய்ப்பிக்கப்பட்ட தேற்றம். இன்றைய கணிதத்திலோ நெருங்குதலே வரையறை. கூடாமை இருந்தாலும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பெயர் மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது.

என்றும் நெருங்கி என்றும் கூடாதிருத்தல் என்னும் இக்கருத்து, பின்வந்தோரை அலைக்கழித்தது. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் யூக்ளிடுக்கு உரை கண்ட புரோக்ளஸ், வடிவியலில் மிகவும் வியப்புக்குரிய தேற்றங்களுள் இதனை வைத்துப் பேசுகிறார். பக்தாதில் ஒன்பதாம் நூற்றாண்டில் பனூ மூசா சகோதரர்களின் ஆதரவில் கூம்பு வெட்டு நூல் அரபிக்குச் சென்றது. எட்டில் முதல் நான்கு கிரேக்கத்தில் எஞ்சின, அடுத்த மூன்றைத் தாபித் இபுன் குர்ரா செய்த அரபி மொழிபெயர்ப்பே நமக்குக் காத்துத் தந்தது, எட்டாவது மறைந்துபோயிற்று. பத்தாம் நூற்றாண்டில் அல்-சிஜ்ஸி என்பார் இப்பதினான்காம் கூற்றுக்காகவே ஒரு தனி நூல் யாத்தார். நெருங்கியும் சந்தியாத இரு கோடுகளை மனத்தில் எவ்வாறு கருதுவது என்பதே அதன் பொருள். இப்போது பெயரிலேயே இரண்டு கூறுகளும் வந்துவிட்டன: நெருங்குதல் ஒன்று, சந்தியாமை மற்றொன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டின் யூத மெய்யியலாளர் மைமோனிடிஸ், மனத்தால் உருவகிக்க இயலாத ஒன்றை அறிவால் மெய்ப்பிக்க இயலும் என்பதற்கு இக்கோடுகளையே எடுத்துக்காட்டாக்கினார். மெய்யியலார் கையில் சென்றதும் ‘ஒருபோதும் சந்தியாமை’ என்னும் பாதி பெரிதாகிவிட்டது. அதுவே வியப்பைத் தரும் பாதி அல்லவா? எம் பேர்த்தியின் குறிப்பேட்டில் அடிக்கோடிடப்பட்டிருந்ததும் அதே பாதிதான்.

மெய்யியலாரையும் பழிப்பதற்கில்லை. அதிபரவளையத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னது முற்றிலும் உண்மை. அது தன் அணுகுகோட்டைத் தொடுவதே இல்லை. சிக்கல், சொல் புதிய நிலத்துக்குக் குடிபெயர்ந்தபோது தொடங்கியது.

பதினேழாம் நூற்றாண்டில் பெர்மாவும் தெக்கார்த்தும் வளைவரைகளைச் சமன்பாடுகளாக எழுதக் கற்பித்தனர். தெக்கார்த்தின் வடிவியல் 1637-இல் வெளிவந்தது. சமன்பாட்டின் படி இரண்டாயின் கூம்பு வெட்டு. படி மூன்றாயின்? அக்காட்டுக்குள் முதலில் முறையாகப் புகுந்தவர் நியூட்டன். மூன்றாம் படிக் கோடுகளை எண்ணி வகைப்படுத்தும் அவரது சிறுநூல், 1704-இல் ஒளியியல் நூலின் பின்னிணைப்பாக வெளிவந்தது. அதில் அவர் 72 வகைகளைப் பிரித்துக் காட்டினார். பின்வந்தோர் விடுபட்டவற்றைச் சேர்க்க 78 ஆயிற்று. வகைப்படுத்துதற்கு அவர் கையாண்ட கருவிகளுள் தலையாயது தொலைவில் ஓடும் கிளைகளும் அவற்றின் அணுகுகோடுகளும் ஆகும்.

படி என்பது என்ன செய்கிறது? இரண்டாம் படி வளைவரையை ஒரு நேர்கோடு மிகுதியாக இரண்டு இடங்களில் சந்திக்கலாம். மூன்றாம் படி வளைவரையை மூன்று இடங்களில். ஒரு தொடுகோடு வளைவரையைத் தொடும் இடத்தில் இரண்டு சந்திப்புகள் ஒன்றாகிவிடுகின்றன. அணுகுகோடோ அந்த இரண்டு சந்திப்புகளையும் முடிவிலித் தொலைவில் செலவிட்டுவிட்ட கோடு. 1639-இல் பிரான்சின் தெசார்க், அசிம்டோட் என்பது முடிவிலியில் தொடும் தொடுகோடே என்று கண்டார். இக்கணக்கைக் கொண்டு பாருங்கள். அதிபரவளையத்துக்கு உள்ளவை இரண்டு, தொலைவில் இரண்டு செலவாயின, மிச்சம் இல்லை. ஆகவே அப்பொலோனியசின் சொல் அவர் பொருளுக்கு இம்மியும் பிசகாதது. மூன்றாம் படி வளைவரைக்கு உள்ளவை மூன்று. இரண்டு போனாலும் ஒன்று கையில் மிஞ்சலாம். அந்த ஒன்று, கண்ணுக்கு எட்டிய இடத்தில் வெட்டும் புள்ளியாக வந்து நிற்கும்.

எம் பேர்த்தியின் தாளில் இருந்தது மூன்றாம் படி வளைவரை. அவள் கற்றிருந்தது இரண்டாம் படிக்குரிய வரையறை.

1748-ஆம் ஆண்டு இக்கதையில் இருமுறை வருகிறது. அவ்வாண்டில் ஆய்லர் எழுதிய ‘முடிவிலிகளின் பகுப்பாய்வுக்கு அறிமுகம்’ வெளிவந்தது. சார்பு என்பதை ஆய்வின் நடுப்பொருளாக்கிய நூல் அது. சார்புகளை அவர் விகிதமுறுவன, விகிதமுறாதன என்றும், விகிதமுறுவனவற்றை முழுமையானவை, பின்னமானவை என்றும் பிரித்தார். பின்னமானவற்றை எளிய பின்னங்களின் கூட்டலாக உடைக்கும் வழியையும் விரிவாகக் காட்டினார். இங்கே தமிழ் ஒரு சிறு நன்மை செய்கிறது. இலத்தீன் ‘ராசியோ’ கணக்கு, விகிதம், பகுத்தறிவு ஆகிய அனைத்தையும் குறிக்கும். எனவே ஆங்கிலத்தில் இச்சார்பின் பெயரைக் கேட்கும் பிள்ளை, பகுத்தறிவுள்ள சார்பு என்றால் என்ன என்று மயங்க இடமுண்டு. ‘விகிதமுறு’ என்பதில் அம்மயக்கம் இல்லை.

அதே 1748-இல் மிலான் நகரத்து மரியா கயத்தானா ஆன்யேசி இத்தாலிய மொழியில் எழுதிய பகுப்பாய்வு நூலும் வெளிவந்தது. அதில் ஒரு விகிதமுறு சார்பு இடம்பெற்றுள்ளது: ‘அ’ என்னும் மாறாத நீளத்தின் மும்மடியை, க-வின் இருமடியும் அ-வின் இருமடியும் கூடிய தொகையால் வகுப்பது. பகுதி எங்கும் பூச்சியம் ஆகாததால் செங்குத்து அணுகுகோடு இல்லை. கிடையச்சு மட்டுமே அணுகுகோடு. மணி கவிழ்த்தது போன்ற வடிவம். அதன் இத்தாலியப் பெயர் ‘வெர்சியேரா’. திரும்புதலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. கிராந்தி என்னும் இத்தாலியக் கணிதர் முன்னமே இட்ட பெயரின் தொடர்ச்சி. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜான் கோல்சன், இந்நூலை மொழிபெயர்ப்பதற்காகவே முதுமையில் இத்தாலியம் கற்றார். அவர் இச்சொல்லை, பேய்மகளைக் குறிக்கும் ‘அவ்வெர்சியேரா’ என்பதாகக் கொண்டுவிட்டார். அவர் இறந்த பின் 1801-இல் மொழிபெயர்ப்பு அச்சேறியது. அன்று முதல் ஆங்கிலத்தில் அவ்வளைவரை ‘ஆன்யேசியின் சூனியக்காரி’. மொழிபெயர்ப்பாளர்கள் இதனைப் படித்துச் சிரிக்கலாம். யாம் சிரிக்கும் தகுதியை இழந்துவிட்டோம்.

இனி, வினாவுக்குத் திரும்புவோம். கட்டும் முறை இதுவே. செங்குத்து அணுகுகோடுகள் −1, 3 என்னும் இடங்களில் வேண்டுமெனின், அவ்விடங்களில் பகுதி பூச்சியம் ஆக வேண்டும். தொகுதி பூச்சியம் ஆகலாகாது. எனவே பகுதி (க + 1)(க − 3). பூச்சியத்தால் வகுக்க இயலாமையால் அவ்விடங்களில் சார்புக்கு மதிப்பே இல்லை. ஆதலின் செங்குத்து அணுகுகோட்டை மட்டும் விகிதமுறு சார்பு ஒருபோதும் தொடாது. ‘தொடாத கோடு’ என்னும் விதி இங்கே பிழைத்துக்கொள்கிறது. மாணவர் மனத்தில் அது வேரூன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். கிடையச்சை 2-இல் வெட்ட வேண்டுமெனின் தொகுதியில் (க − 2) வேண்டும். தொகுதியின் படி ஒன்று, பகுதியின் படி இரண்டு. பகுதி விரைந்து பெருகுவதால் தொலைவில் மதிப்புப் பூச்சியத்தை நெருங்கும். ஆக, கிடை அணுகுகோடு தானாகவே வந்துவிட்டது. எஞ்சியது முன்னே நிற்கும் ஒரே ஒரு பெருக்கெண். க = 0 எனின் தொகுதி −2, பகுதி −3; விகிதம் மூன்றில் இரண்டு. அது 4 ஆக வேண்டுமாயின் பெருக்கெண் 6.

உ = 6(க − 2) ÷ ((க + 1)(க − 3)).

சரிபார்ப்போம். க = 5 எனின் உ = 1.5. க = 100 எனின் ஏறத்தாழ 0.06. வளைவரை கிடையச்சை நெருங்குகிறது. அதே கிடையச்சை 2-இல் வெட்டியும் செல்கிறது. −1-க்கும் 2-க்கும் இடையே அச்சுக்கு மேலே இருக்கும் வளைவரை, 2-இல் கீழிறங்கி, 3-ஐ நெருங்கும்போது அடியற்று வீழ்கிறது. 3-ஐக் கடந்ததும் மேலிருந்து வந்து அச்சை நோக்கித் தாழ்கிறது.

இவ்வளவையும் காட்டிய பின்னும் அவள் முகம் தெளியவில்லை. விடை கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை. தொடாமை எங்கே போயிற்று என்பது அவள் கேள்வி. அதற்கு ஆய்லரின் வழியே உதவியது. அச்சார்பை எளிய பின்னங்களாக உடைத்தால்,

உ = 4.5 ÷ (க + 1) + 1.5 ÷ (க − 3)

என்று வரும். இவ்விரண்டு துண்டுகளும் தனித்தனியே அப்பொலோனியசின் அதிபரவளையங்களே. இரண்டுக்கும் கிடையச்சு அணுகுகோடு. இரண்டும் அதனை எங்கும் தொடுவதில்லை. பழைய சொல் இரண்டுக்கும் பொருந்துகிறது. ஆனால் க = 2 என்னும் இடத்தில் முதலாவது 1.5 உயரத்தில் அச்சுக்கு மேலே நிற்கிறது. இரண்டாவது அதே 1.5 ஆழத்தில் அச்சுக்குக் கீழே நிற்கிறது. கூட்டினால் பூச்சியம். தொடாத இரண்டு கூடித் தொட்டுவிட்டன.

அதைக் கண்டதும் அவள் எழுதுகோலை வாங்கிக்கொண்டாள். அதன் பின் யாம் பேச வேண்டியிருக்கவில்லை.

வினாத்தாள் அமைக்கும் ஆசிரியர்களுக்கு ஒன்று கூற வேண்டும். மேலே க = 2, உ = 3 என்னும் கோடுகளைக் கொண்ட அதிபரவளையத்தில், செங்குத்து அச்சின் வெட்டைக் கொடுத்தவுடன் கிடையச்சின் வெட்டு தானாக அமைந்ததைக் கண்டோம். அங்கே ஒருவர் கிடையச்சை 5-இல் வெட்ட வேண்டும் என்றும் சேர்த்துக் கேட்டால், அவ்வதிபரவளையம் இல்லை. படியை உயர்த்தினால்தான் வழி பிறக்கும். தொகுதியும் பகுதியும் ஒரே படியாயின், முன்னிற்கும் பெருக்கெண்ணைக் கிடை அணுகுகோடே தீர்மானித்துவிடும். செங்குத்து அச்சின் வெட்டைக் கேட்கும் உரிமை அதனோடு போயிற்று. தெரியாதவை எத்தனையோ அத்தனை நிபந்தனைகளே வேண்டும் என்னும் இந்த எண்ணிக்கைக் கலையை வளைவரைகளுக்கு விரிவாகக் கையாண்டவர் ஜெனீவாவின் கேப்ரியல் கிராமர். அவரது 1750-ஆம் ஆண்டு நூல், இரண்டாம் படி வளைவரை ஒன்றை உறுதிசெய்ய ஐந்து புள்ளிகள் வேண்டும் என்பது போன்ற கணக்குகளால் ஆனது. இன்று அவர் பெயரால் வழங்கும் சமன்பாட்டுத் தீர்வு விதியும் அத்தேவையிலிருந்தே எழுந்தது. நிபந்தனை குறைந்தால் விடைகள் பலவாகும் என்பதும் உண்மை. எம் பேர்த்தியின் வினாவுக்கே வேறு விடைகள் உண்டு; பகுதியின் காரணிகளை மடக்கி எழுதினாலும் அதே கோடுகள் வரும். ‘மிக எளிய சார்பு’ என்று கேட்பதே முறை.

தமிழ்ச் சொற்களுக்கு வருவோம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘தொலைத்தொடுகோடு’ என்பதைக் காண்கிறோம். இது தெசார்க்கின் கருத்தை அப்படியே ஏந்தி நிற்கும் சொல், கற்றறிந்தோர்க்கு இனிது. ஆனால் முதன்முறை கேட்கும் மாணவருக்கு, தொலைவில் ஓரிடத்தில் தொட்டுவிடும் போலும் என்னும் எண்ணத்தைத் தரக்கூடியது. எமது ‘தொடாக்கோடு’ அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் விழுந்தது. அதன் குற்றம் இலக்கணத்திலேயே உள்ளது. ‘தொடா’ என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். காலம் காட்டும் இடைநிலை அதற்கு இல்லை. தொட்டதில்லை, தொடுவதில்லை, தொடப்போவதில்லை என மூன்று காலத்தையும் ஒருங்கே மறுக்கும். அதாவது, ‘ஒருபோதும்’ என்னும் சொல்லை எழுதாமலே எழுதிவிடும். இதனை வகுப்பில் ஆண்டுதோறும் கற்பித்தவர் யாம். பட்டியலில் கையொப்பமிட்டபோது மட்டும் மறந்துபோனோம்.

‘அணுகுகோடு’ வினைத்தொகை. அதற்கும் காலம் கரந்துள்ளது. ஆனால் மறுப்பு இல்லை. அணுகிய, அணுகுகின்ற, அணுகும் என மூன்றும் அதில் அடங்கும். எவ்வளவு தொலைவு சென்றாலும் முடியாத நெருக்கத்துக்கு இதனினும் பொருத்தமான சொல்லமைப்பு வேறில்லை என்பது எம் கருத்து. அணுகுவது கோடா, வளைவரையா என்று ஒரு மாணவர் கேட்டால், குடிநீரை எடுத்துக்காட்டலாம். நீர் குடிப்பதில்லை, குடிக்கப்படுகிறது. அவ்வாறே கோடு அணுகுவதில்லை; அணுகப்படுகிறது. வழியில் ஓரிடத்தில் வெட்டினாலும் அச்சொல் பொய்யாவதில்லை. சாய்ந்த அணுகுகோடுகளுக்கும் அது பொருந்தும். தொகுதியின் படி பகுதியின் படியைவிட ஒன்று மிகுந்தால், வகுத்து வரும் ஈவே சாய்கோடாகும். மீதி பூச்சியமாகும் இடத்தில் வளைவரை அக்கோட்டை வெட்டும்.

எம் பேர்த்தி தன் குறிப்பேட்டில் அடிக்கோடிட்ட வரியை அழிக்கவில்லை. அதன் கீழே ‘அதிபரவளையத்துக்கும் செங்குத்துக் கோட்டுக்கும் மட்டும்’ என்று எழுதிக்கொண்டாள். வரைந்த படத்தை மறுவாரம் தன் ஆசிரியரிடம் காட்டியதாகவும், அவர் அதனைப் பலகையில் வரையச் சொல்லி, இரண்டு பின்னங்களையும் அவளையே விளக்கச் செய்ததாகவும் பின்னர்த் தெரிவித்தாள். கணிதத்தை அவள் விடவில்லை.

பட்டியலைத் தொகுத்தோருக்கு யாம் ஒரு மடல் எழுதி, எம் பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். அடுத்த பதிப்பு வரும்போது பார்ப்பதாக விடை வந்தது. அதுவரை, எம் படியில் ‘தொடாக்கோடு’ என்பதன் குறுக்கே ஒரு கோடு கிழித்து, ஓரத்தில் கரிக்கோலால் ‘அணுகுகோடு’ என எழுதி வைத்திருக்கிறோம். உங்கள் பள்ளி நூலகத்தில் அப்பட்டியல் இருப்பின், அங்கும் அவ்வாறே செய்துவிடுங்கள்.